மேல் கமா போட்டால் சொல் உடைகிறது: அட்லம் எழுத்து தெரிந்தவர்கள் உதவுங்கள்

அச்சுக்கூடத்தான்

வணக்கம் எல்லோருக்கும். பாரிஸில் லா சப்பல் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்கிறேன். கலியாண அட்டை, சாமத்திய வீட்டு அழைப்பிதழ், கடை நோட்டீஸ் என்று எது வந்தாலும் செய்வோம். தமிழும் பிரெஞ்சும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன், அரபி அவ்வப்போது வரும், அதையும் சமாளித்துவிடுவேன். இந்த முறை வந்திருப்பதுதான் மூன்று நாளாக என்னைப் படுத்துகிறது.

கினி நாட்டுக்காரர் ஒருவர் தன் தம்பியின் கலியாணத்துக்கு அட்டை அடிக்க வந்தார். ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் அவர்களுடைய புலார் மொழி. புலாரை லத்தீன் எழுத்தில்தான் தருவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மனிசன் தந்தது அட்லம் என்கிற எழுத்தில். வலமிருந்து இடமாகப் போகிறது, எழுத்துகள் அரபி மாதிரி கைகோத்து வருகின்றன, ஆனால் அரபி இல்லை. முதலில் ஒரு பழைய ஃபைலைக் கொண்டுவந்தார். திறந்தால் முழுக்க அரபி எழுத்துகள். கடையில் அல்ஜீரியப் பொடியன் ஒருவன் இருக்கிறான், அவனைக் கூப்பிட்டுக் காட்டினால் “இது ஒரு சொல்லும் இல்லை அண்ணா, எழுத்தைக் கொட்டிக் கலக்கி வைத்த மாதிரி இருக்கிறது” என்றான். வாடிக்கையாளர் சிரித்துவிட்டு, அது அந்தக் காலத்து எழுத்துருவில் அடித்தது, அது கணினியில் இருந்தால்தான் சரியாகத் தெரியும் என்றார். பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை, அது இல்லாத கணினியில் திறந்து முழித்த நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தது.

சரி என்று போனிலேயே புதிதாக அடித்து அனுப்பினார். ஒட்டிப் பார்த்தேன், இப்போது எல்லா எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது. அதற்கு ஒரு முழு நாள் போனது. கடைசியில் பார்த்தால் நோட்டோ எழுத்துருக்களில் அட்லமுக்கு இரண்டு இருக்கின்றன, ஒன்று சேர்த்து எழுதுவது, இன்னொன்று சேராமல் எழுதுவது, நான் இறக்கியது இரண்டாவதை. மாற்றியதும் வடிவாக வந்துவிட்டது.

இப்போது மிச்சம் ஒரே ஒரு பிரச்சினை. சில சொற்களில் நடுவே மேல் கமா மாதிரி ஒரு குறி வருகிறது. அந்த இடத்தில் மட்டும் கோடு அறுந்து சொல் இரண்டாகிவிடுகிறது. ப்ரூஃப் எடுத்துக் காட்டினேன், அவர் ஒன்றும் கதைக்காமல் பேனாவை எடுத்து அந்த நான்கு இடத்திலும் ஒரு வளைவு போட்டுத் தந்தார். இது எழுத்துருவின் பிழையா, என் மென்பொருளின் பிழையா, அவர் அடித்ததன் பிழையா? சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

பூச்சியம்

மூன்றாவது. ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அங்கே இருப்பது சாதாரண மேல் கமா. நேராக நிற்பதாக இருந்தால் அதன் குறியீட்டு எண் 39, வளைந்ததாக இருந்தால் 8217. அட்லமில் அந்த இடத்துக்கென்றே தனி எழுத்து ஒன்று இருக்கிறது, மூக்கொலிக் குறி, எண் 125259. (பதின்ம எண்ணில்தான் சொல்கிறேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கிற உலகப் பொது அட்டவணையான யூனிகோடில் பதினாறடிமானத்தில் வேறு மாதிரி இருக்கும், குழம்பிவிடாதீர்கள்.) அதை மாற்றிப் போட்டால் சேர்ந்துவிடும். பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் உங்கள் எழுத்துரு 2019க்கு முந்தையது, புதிய பதிப்பை இறக்குங்கள்.

அச்சுக்கூடத்தான்

நன்றி அண்ணா. ஒரு சொல்லில் மட்டும் மாற்றிப் பார்த்தேன், பெட்டிதான் வந்தது. எழுத்துருவைப் புதுப்பித்தேன், சேர்ந்துவிட்டது! ஆனால் எனக்கு விளங்கவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதானே. பெரிதாக்கி ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்த்தாலும் மயிரிழை வித்தியாசம்தான். ஒரே உருவத்துக்கு இன்னொரு எண் எதற்கு?

வளைகோடு

எழுத்துரு வரைவதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், அவசரமாக இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள் தம்பி.

கணினிக்கு உருவம் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டும்தான். அந்த எண்ணுக்கு யூனிகோடு ஒரு ஜாதகம் எழுதி வைத்திருக்கிறது: இது எழுத்தா, நிறுத்தக்குறியா, எண்ணா, எந்தத் திசையில் போகும், பக்கத்து எழுத்தோடு சேருமா சேராதா. தமிழுக்கு இந்தக் கடைசிக் கேள்வி வராது, அதனால் நாம் அதைக் கவனித்திருக்க மாட்டோம். அரபி, சிரியாக், அட்லம் போன்ற எழுத்துகளுக்கு அதுதான் உயிர். அட்லமின் 34 எழுத்துகளும் இரண்டு பக்கமும் சேருகிற வகை. அரபியில் அலிஃப், தால் எல்லாம் ஒரு பக்கம் மட்டும் கைகொடுக்கும் இல்லையா, அந்த மாதிரி கஞ்சத்தனம் இதில் கிடையாது.

8217க்கு வருவோம். அது ஆங்கிலம், பிரெஞ்சு போன்ற மொழிகளுக்காகப் பிறந்த நிறுத்தக்குறி, யாரோடும் சேராத வகை. உரையை வடிவமைக்கிற இன்ஜின் (லிப்ரே ஆபீஸ், குரோம் போன்றவற்றில் இருக்கும் ஹார்ஃப்பஸ் மாதிரி) நூன் என்ற எழுத்தை (நம்முடைய ன் ஒலி) பார்க்கிறது. அடுத்து யார் என்று பார்க்கிறது. சேராத ஆள் நிற்கிறான். சரி, கோடு இங்கே முடிகிறது என்று நூனுக்கு முடிவு வடிவத்தைக் கொடுத்து மூடிவிடுகிறது. அதற்கடுத்த எழுத்துக்கு, புதிதாகத் தொடங்குவது போலத் தொடக்க வடிவம். நீங்கள் பார்த்த அறுந்த கோடு இதுதான். எழுத்துருவும் மென்பொருளும் அவற்றுக்குச் சொன்னபடியே செய்திருக்கின்றன.

125259இன் ஜாதகம் வேறு. முதலில் அது நிறுத்தக்குறி இல்லை, எழுத்து வகை. இரண்டாவது, அதன் திசை வலமிருந்து இடம் என்று அடித்துச் சொல்லியிருக்கிறது. மேல் கமாவுக்குச் சொந்தத் திசை கிடையாது, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துத்தான் முடிவு செய்யும், அட்லம் எழுத்துகளுக்கு நடுவே இருக்கும்வரை ஒழுங்காக இருக்கும், ஓரத்தில் ஒரு பிரெஞ்சுப் பெயர் வந்துவிட்டால் எந்தப் பக்கம் தாவும் என்று சொல்ல முடியாது. மூன்றாவதுதான் உங்கள் விஷயம்: சேர்க்கையைப் பொறுத்தவரை அது கண்ணாடி. இன்ஜின் அதன் வழியாக ஊடுருவி அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று பார்க்கும். அந்தப் பக்கம் ஒரு மெய்யெழுத்து நிற்கிறதா, நூனும் அதுவும் கைகோத்துக்கொள்ளும்.

அந்தக் குறி ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புலாரில் ம்ப், ன்ட், ங்க், ஞ்ஜ் போன்றவை ஒரே மெய்யாக ஒலிக்கும், மூக்கொலியும் அடுத்த ஒலியும் ஒட்டிப் பிறந்தவை. சொல்லின் முதலிலேயே வரும். தண்ணீருக்குக் கினியின் ஃபூட்டா ஜல்லோன் பகுதியில் சொல்லும் சொல்லே “ன்டியன்”தான். நமக்கு “பந்து” என்பதில் ந் ஓர் அசையில் முடிந்து து அடுத்த அசையில் தொடங்குகிறது, சொல்லின் தொடக்கத்தில் அப்படி வரவே வராது. அவர்களுக்கு ஒட்டிப் பிறந்ததும் உண்டு, தனித்தனியாக நிற்பதும் உண்டு. நூனுக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே அந்தச் சின்னக் குறியை வைத்தால் ஒட்டிப் பிறந்தது என்று அடையாளம். அதாவது ஒலியால் ஒட்டு என்று சொல்கிற குறி, திரையில் எழுத்தை வெட்டிப் பிரித்துக்கொண்டிருந்தது.

வரலாறு இவ்வளவுதான். அட்லம் யூனிகோடுக்குள் வந்தது 2016 ஜூனில், 9.0 பதிப்பில். அப்போது 87 குறிகள்: பெரிய எழுத்து 34, சின்ன எழுத்து 34, மேலே போடும் குறிகள் 7, எண்கள் 10, அப்புறம் வாக்கியத்தின் தொடக்கத்தில் போடும் கேள்விக்குறியும் வியப்புக்குறியும். (வலமிருந்து இடம், சேர்ந்து எழுதுவது, அதில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறு. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடுவது அபூர்வம். எழுத்துரு செய்பவருக்குக் கொண்டாட்டம், சோதிப்பவருக்குத் திண்டாட்டம்.) இந்த மூக்கொலிக் குறிக்கு அப்போது தனி இடம் கிடையாது, பொதுவில் இருக்கிற மேல் கமாவையே போட்டுக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 2019 மார்ச்சில் 12.0 வந்தபோதுதான் 88ஆவதாக இது சேர்ந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். காகிதத்தில் இருப்பதைப் பார்த்தால் அது மேல் கமாதான், கையால் எழுதுபவருக்குக் கோடு அறுவதே இல்லை, எழுதிவிட்டு அப்புறம் மேலே ஒரு தட்டுத் தட்டுகிறார். ஜனங்கள் திரையில் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் இது வேறு ஆள் என்று தெரியும்.

இதில் ஒரு வால் இருக்கிறது. இடையில் மூன்று வருடம் மேல் கமா போட்டு அடித்தவை அப்படியே கிடக்கின்றன, இன்றைக்கும் போனில் கைக்கு எட்டுவது மேல் கமாதான் என்பதால் புதிதாகவும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. யூனிகோடு இரண்டையும் சமம் என்று சொல்லாது. அதனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. நமக்கு இது புதிதல்ல. 2005இல் 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து வந்த பிறகு ஸ்ரீ என்பதை இரண்டு விதமாக அடிக்கலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பெயர்ப் பட்டியலில் தேடினால் பாதி ஸ்ரீதரன்கள் காணாமல் போவார்கள். ஔவையாரை ஒ போட்டு ள போட்டு அடிப்பவர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

உங்கள் அட்டைக்கு: நூனுக்கு அடுத்து வரும் மேல் கமாவை மட்டும் மாற்றுங்கள். பெரிய நூன் 125200, சின்ன நூன் 125234, இரண்டுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். மேல் கமாவிலும் 39, 8216, 8217 மூன்றையும் பாருங்கள், சில மென்பொருள்கள் தானாகவே வளைத்து விடும், அதுவும் தப்பான பக்கம் வளைக்கும். முக்கியமாக எழுத்து இடைவெளியைத் தொடாதீர்கள். அட்டை வேலை செய்பவர்களுக்குத் தலைப்பு என்றால் எழுத்தை அகட்டி வைக்கிற ஆசை வரும், சேர்த்தெழுதும் எழுத்தில் அதைச் செய்தால் எல்லாக் கையும் விட்டுப்போகும்.

சும்மா_கேட்டேன்

வளைகோடு சொல்வது புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. கோடு அறுவதுதான் பிரச்சினை என்றால் இணைப்பான் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகலக் குறி, 8205. மேல் கமாவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்த வடிவம் வந்துவிடும். அரபியில் செய்து பார்த்திருக்கிறேன். இதற்குப் போய் புதிதாக ஓர் எழுத்து, உலகத்தில் உள்ள எல்லா எழுத்துருவையும் திருத்து, எல்லா விசைப்பலகையையும் திருத்து. இப்படியே ஒவ்வொருவரும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி எண் கேட்டால் இடம் போதுமா? அதுவும் ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் லத்தீன் எழுத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள்.

பூச்சியம்

இடம் போதும். மொத்த இடம் 11 லட்சத்துக்கு மேல், இதுவரை கொடுத்தது ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. அட்லமுக்கு ஒதுக்கியதே 96 இடம், அதில் இந்தக் குறி உட்கார்ந்தது ஏற்கெனவே காலியாகக் கிடந்த ஒன்றில்.

அதே 12.0 பதிப்பில் வேறு யாருக்கு இடம் கிடைத்தது தெரியுமா? நமக்கு. முந்திரி, மாகாணி முதலான பழைய பின்னங்கள், அளவைக் குறிகள், கணக்குக் குறிகள் என்று 51. 320இல் ஒரு பங்கைக் காட்டும் முந்திரிக் குறியை இன்றைக்கு மளிகைக் கடையில் யார் போடுகிறார்கள்? பழைய கணக்குச் சுவடிகளைப் பதிப்பிப்பவர்களுக்கு வேண்டும், அதனால் கொடுத்தார்கள், சரிதான். தினமும் அடிப்பவர்கள் கேட்ட ஒன்றே ஒன்றுக்கு இடம் போதுமா என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வளைகோடு

இணைப்பான் வித்தை வேலை செய்யும், மறுக்கவில்லை. நான் அவசரத்துக்குச் செய்திருக்கிறேன். ஆனால் யார் அடிப்பார்கள்? “ன்டியன்” என்று எழுத ஒரு பாட்டி போனில் நூன், இணைப்பான், மேல் கமா, இணைப்பான், டாலி என்று ஐந்து தட்டுத் தட்டுவாரா, அதில் இரண்டு கண்ணுக்கே தெரியாது. ஒரு பக்கம் விட்டுப்போனால் பாதி அறுந்த கோடு. தேடலில் இன்னும் ஒரு வடிவம் கூடும். அது ஒட்டுப்போட்ட சட்டை, அச்சுக்கு ஓடும், மொழிக்கு ஓடாது.

லத்தீன் விஷயத்தை வேறு யாராவது சொல்லட்டும், கினியில் இருந்தவர் ஒருவர் இங்கே உண்டு என்று ஞாபகம்.

போக்கே_ரிட்டர்ன்

கூப்பிட்டதற்கு நன்றி. கினியில் போக்கே பக்கம் பாக்சைட் சுரங்க வேலையில் நான்கு வருடம் இருந்தேன். எழுத்து வல்லுநன் எல்லாம் இல்லை, கண்ணால் பார்த்ததையும் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

எங்கள் வண்டி ஓட்டுநர் லாபேக்காரர், ஃபூட்டா ஜல்லோன் மலைப்பகுதி, புலார் பேசுகிறவர். டீசல் கணக்கைக் கம்பெனிக்குப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பார், தன் சொந்தக் கணக்கை ஒரு சின்ன நோட்டில் வேறு எழுத்தில் எழுதுவார். முதலில் அரபி என்றே நினைத்தேன். கேட்டபோது “இது எங்களுடையது” என்றார், சொன்ன விதத்தில் ஒரு மிடுக்கு. அட்லம் என்ற பெயரே முதல் நான்கு எழுத்தின் கூட்டு: அலிஃப், டாலி, லாம், மீம். அதையே ஒரு வாக்கியத்தின் சுருக்கமாகவும் சொல்வார்கள், இனம் அழிந்துபோகாமல் காக்கும் எழுத்து என்று அர்த்தம் வரும்.

உருவாக்கியது பெரிய பண்டிதர் யாரும் இல்லை. 1989இல் ன்செரெகோரே ஊரில் இரண்டு சகோதரர்கள், இப்ராஹிமா பாரி, அப்துலாயே பாரி, ஒருவருக்கு 14 வயது, மற்றவருக்கு 10. அவர்களுடைய அப்பா எழுதப்படிக்கத் தெரிந்தவர் என்பதால் அக்கம்பக்கத்தார் கடிதங்களைக் கொண்டுவந்து படித்துக்காட்டச் சொல்வார்களாம். அந்தக் கடிதங்கள் புலார் மொழியை அரபி எழுத்தில் எழுதியவை. புலாரில் உள்ளே இழுத்துச் சொல்லும் ப, ட மாதிரி ஒலிகள் இருக்கின்றன, அரபியில் அவற்றுக்கு எழுத்து இல்லை, ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், படிப்பவர் ஊகித்துத்தான் படிக்க வேண்டும். ஏன் நமக்கென்று எழுத்து இல்லை என்று கேட்ட பிள்ளைகள், அறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கிக் கிறுக்கி, பிடித்ததை எல்லாம் எடுத்து ஒலி கொடுத்தார்கள். அப்புறம் வீட்டில் உள்ளவர்களுக்கு, சந்தைக்கு வருபவர்களுக்கு என்று சொல்லிக்கொடுத்து, கையால் புத்தகம் எழுதி, நகலெடுத்து, வியாபாரிகளோடு அது பக்கத்து நாடுகளுக்கும் போனது.

அச்சுக்கூடத்தான் பார்த்த பழைய ஃபைல் கதையும் இதில் வருகிறது. பிற்பாடு அவர்கள் அமெரிக்காவில் போர்ட்லாந்து போன பிறகு கைக்காசு போட்டு எழுத்துரு செய்வித்தார்கள். யூனிகோடில் இடம் இல்லாததால் அரபி எழுத்துகளின் எண் மேலேயே தங்கள் உருவத்தை ஏற்றினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு மின்னஞ்சல் போனால் அரபிக் குப்பையாகத் தெரியும். பாமினி என்று தம்பி சொன்னது ரொம்பச் சரி, நாம் லத்தீன் மேல் ஏறி உட்கார்ந்தோம், அவர்கள் அரபி மேல்.

“சும்மா_கேட்டேன்” சொன்ன லத்தீன் விஷயம். கினியில் லத்தீனில் எழுதும் ஆட்கள் இருக்கிறார்கள், நிறையவே. ஆனால் பள்ளிக்கூடம் போனவர் லத்தீனில் எழுதினால் அது பெரும்பாலும் பிரெஞ்சு மொழியாகத்தான் இருக்கும். தாய்மொழியில் கணக்கு எழுதி, கடிதம் எழுதி நான் பார்த்தது அட்லமிலும் ன்கோவிலும்தான்.

ன்கோ பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசில்லை. அதே நாட்டில் கான்கான் பக்கம் மாண்டிங் குடும்ப மொழிகளைப் பேசுகிறவர்களின் எழுத்து. சொலமானா கான்டே என்பவர் 1949இல் உருவாக்கினார். அந்த மொழிகள் எல்லாவற்றிலும் ‘ன்கோ’ என்றால் ‘நான் சொல்கிறேன்’. இது யூனிகோடில் 2006இலேயே வந்துவிட்டது, 5.0 பதிப்பு. அதில் ஒரு குறி இருக்கிறது, எண் 2039, பெயர் க்பாகுருனென். உரையின் ஒரு பெரிய பகுதி முடிந்தால் போடுவது. அது எதைக் காட்டுகிறது தெரியுமா? சட்டியை ஏற்றி வைக்கிற மூன்று அடுப்புக் கல்லை! என் அம்மாச்சி வீட்டுக் கொல்லையில் நெல் அவிக்க வைத்திருந்த அதே மூன்று கல். இதற்கு மட்டும் தனி எண் எதற்கு, மூன்று வட்டம் போட்டால் போதாதா என்று கேட்காதீர்கள் சார், அடிக்க வந்துவிடுவேன்.

சும்மா_கேட்டேன்

கேட்கவில்லை. பெயரைப் பார்த்தால் தெரியவில்லையா, சும்மா கேட்டேன். அந்த அடுப்புக்கல்லை இப்போதுதான் தேடிப் பார்த்தேன், அழகாக இருக்கிறது. ஆனால் எல்லா எழுத்துருவையும் திருத்த வேண்டியிருக்கிறது என்று நான் சொன்னது சொன்னதுதான், தம்பிக்குப் பெட்டி வந்ததே.

தரவுக்கிணறு

இதே மாதிரி வேலை வலைத்தளத்தில் செய்ய நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. அட்லம் எழுத்துகள் 65,535க்கு மேலே உள்ள எண்கள். இந்த எண்களைச் சேமிக்கிற முறையான யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்கு 3 பைட், ன்கோவுக்கு 2, அட்லமுக்கு 4. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ‘யூடிஎஃப்8’ என்று பழைய பெயரில் இருப்பது 3 பைட் வரைதான் தாங்கும், 4 பைட் எழுத்து வந்தால் பிழை சொல்லும், அல்லது அந்த இடத்தோடு வெட்டிவிடும். ‘எம்பி4’ என்று முடிவதைத்தான் போட வேண்டும். வலைப்பக்கங்களின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டாக எண்ணும், பெயருக்கு இருபது எழுத்து என்று வரம்பு வைத்த படிவத்தில் புலார்க்காரர் பத்தில் நின்றுவிடுவார். எமோஜி வந்த பிறகு இதைப் பலர் சரிசெய்துவிட்டார்கள், அந்த மஞ்சள் மூஞ்சிகளுக்கு நன்றி.

அச்சுக்கூடத்தான்

எல்லோருக்கும் நன்றி. அட்டை போய்விட்டது. நடந்ததைச் சொல்கிறேன், பின்னால் தேடி வருபவருக்கு உதவும்.

வளைகோடு அக்கா நூனுக்கு அடுத்ததை மட்டும் மாற்று என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் இரவு பதினொரு மணிக்கு அவசரத்தில் கோப்பு முழுவதிலும் மேல் கமா எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றிவிட்டேன். அட்லம் பக்கம் பளிச்சென்று வந்தது, நான்கு இடத்திலும் கோடு ஓடுகிறது. வெள்ளி காலை பிரெஞ்சுப் பக்கத்தைப் பார்த்தால் மேல் கமா வர வேண்டிய இடமெல்லாம் பெட்டி. பிரெஞ்சில் மேல் கமா இல்லாமல் ஒரு வரி எழுத முடியாது என்பது உங்களுக்குத் தெரியும், மொத்தம் பதினேழு பெட்டி. நல்ல காலம் தகடு போடவில்லை. திருப்பி மாற்றி, அட்லம் பக்கத்தில் மட்டும் பெரிய நூன், சின்ன நூன் என்று தனித்தனியாகத் தேடிச் செய்தேன். பெரிய நூன் ஓர் இடத்தில் இருந்தது, வாக்கியத்தின் தொடக்கத்தில். தனியாகத் தேடாமல் இருந்தால் தவறவிட்டிருப்பேன்.

தலைப்பில் எழுத்து இடைவெளியும் நான் அகட்டித்தான் வைத்திருந்தேன், அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். அக்கா எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

அவர் நேற்று மாலை வந்தார். அட்டையைக் கையில் எடுத்து, முன்பு பேனாவால் வளைவு போட்ட நான்கு இடத்தையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். போனில் நான் மாற்றிய எழுத்தை எப்படி அடிப்பது என்று கேட்டார். அவருடைய விசைப்பலகையில் தேடிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை. கடைசியில் அந்த ஒற்றை எழுத்தை மட்டும் ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டேன், வேண்டும்போது அதிலிருந்து நகலெடுத்து ஒட்டிக்கொள்ளட்டும். நிரந்தர வழி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அடுத்த மாதம் அவருடைய சங்கத்துக்கு எட்டுப் பக்கப் பாடப் புத்தகம் வருகிறதாம்.

பூச்சியம்

போனின் தனி அகராதியில் ஒரு சுருக்கமாகச் சேர்த்துவிடுங்கள். இரண்டு மேல் கமாவைத் தொடர்ந்து தட்டினால் 125259 வரட்டும். பாடப் புத்தகம் என்றால் அட்லம் பக்கத்துக்கும் பிரெஞ்சுப் பக்கத்துக்கும் தனித்தனிக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, பதினொரு மணிக்குத் தூக்கம் எல்லோருக்கும் வரும்.